ரெண்டாவது சனி, நாலாவது சனி

எல்லாருக்கும் வணக்கம். மைக் புடிச்சு பழக்கமில்ல, பேங்க் கவுன்ட்டர்ல உக்காந்து அடுத்த டோக்கன்னு கத்தித்தான் பழக்கம், பொறுத்துக்கங்க.

உள்ள வரும்போதே ஒரு தம்பி கேட்டாரு, சார் வேலைய விட்டுட்டு முழுசா ஊர் சுத்தி எழுதலாம்ல, ஏன் இன்னும் அங்கயே இருக்கீங்கன்னு. முதல் காரணம் வீட்டு லோன் தம்பி, அதுல ஒளிக்க ஒண்ணுமில்ல.

2015 செப்டம்பர்லேருந்து பேங்குக்கு ரெண்டாவது சனியும் நாலாவது சனியும் லீவு. நான் எழுதுனது முக்காவாசி அந்த ரெண்டு சனிக்கிழமையில வந்ததுதான். கேஷுவல் லீவு இருக்கேம்பீங்க, அது காதுகுத்து, கல்யாணம், புள்ளைக்கு காய்ச்சல்னே கரைஞ்சிரும், மார்ச் மாசத்துல லீவுன்னு வாயத் தொறக்கவே முடியாது. அப்ப ரெண்டு நாள்ல திருச்சிலேருந்து எங்க போறது? முசிறி, குளித்தலை, மாயனூர், கல்லணை, மிஞ்சிப்போனா பூம்புகார். ஆரம்பத்துல எனக்கே எரிச்சல்தான், ஃபேஸ்புக்ல ஒருத்தன் லடாக்ல பைக்கோட நிக்கறான், நான் முக்கொம்புல மொளகாப்பொடி போட்ட மாங்காயோட நிக்கறேன்.

ஆனா காவேரியிலேருந்து கொள்ளிடம் பிரியற அதே முக்கொம்புல 2017 வறட்சியில கொள்ளிடம் பக்கம் வெறும் மணலாப் பாத்தேன். அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல வெள்ளம், 1830கள்ல ஆர்தர் காட்டன்ங்கற வெள்ளக்கார இன்ஜினியர் காலத்துல அங்க கட்டுன மேலணையில மதகுங்க அடிச்சிட்டுப் போச்சு. அப்புறம் பக்கத்துலயே புது கதவணை எழும்புனத போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா பாத்தேன். ஒரு தடவ வந்துட்டுப் போறவங்களுக்கு அது பார்க்கு, ஊஞ்சல், வறுத்த மீனு, அவ்ளோதான். எனக்கு லீவு இல்லாததால ஒரே எடத்துக்கு முப்பது தடவ போனேன், முப்பது தடவ போனதாலதான் எழுத ஏதோ கிடைச்சுது.

காவேரிக் கரையோரமா பயணம் போய் ‘நடந்தாய் வாழி காவேரி’ எழுதுன சிட்டியும் தி.ஜானகிராமனும்கூட ரேடியோவுல மாசச் சம்பளத்துக்கு இருந்தவங்கதான். அவங்க பக்கத்துல சேர் போட்டு உக்காந்துக்கறேன்னு நெனைக்காதீங்க, ஒரு தைரியத்துக்கு சொல்றேன்.

இன்னொண்ணு, சம்பளம் வர்றதால எவனுக்கும் பல்லிளிக்க வேண்டியதில்ல. ஒரு தடவ ஒரு ரிசார்ட்லேருந்து கூப்டாங்க, ரெண்டு நாள் தங்கல் சாப்பாடு எல்லாம் ஃப்ரீ, நாலு பக்கம் எழுதுங்கன்னு. ஓசியில தின்னுட்டு உங்க பாத்ரூம் நாறுதுன்னு எப்படிங்க எழுதறது? வேணாம்னுட்டேன். எழுத்தையே நம்பி வாடகை குடுக்கறவன் அப்படி சொல்ல முடியாது, அவனக் குத்தம் சொல்லல.

வீட்டுலதான் நஷ்டம். பொண்ணோட ஸ்கூல் விழா ரெண்டு வாட்டி சனிக்கிழமையில வந்துச்சு, ரெண்டுக்கும் நான் இல்ல. அதுக்கு எங்கிட்ட பதில் கிடையாது.

எழுதறதுக்கு தனி நேரமும் கிடையாது. ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ்லயே போன்ல பேசி ரெக்கார்ட் பண்ணிருவேன், திங்கக்கிழமை கவுன்ட்டர் தொறந்தா எல்லாம் மறந்துரும்.

கவுன்ட்டர்னதும் ஞாபகம் வருது. ஒரு பெரியவர் பாஸ்புக் என்ட்ரி போட வந்தாரு, ஆத்து லஸ்கரா இருந்து ரிட்டயர் ஆனவர், மதகத் தூக்கி எறக்கற வேலை. எம் பேரப் பாத்துட்டு, மதகப் பத்தி எழுதுனது நீங்கதானான்னாரு. எனக்கு ஒரே பெருமை. தண்ணி தொறந்தது, மந்திரி வந்தது, பூ தூவுனது எல்லாம் எழுதிருக்கீங்க, பல்சக்கரத்துக்கு கிரீஸ் வெக்கறவன் எங்க தம்பின்னாரு. பின்னாடி பன்னெண்டு டோக்கன் நிக்குது, ஒரு அம்மா திட்ட ஆரம்பிச்சாச்சு. அவசரமா சலான் பின்பக்கம் அவர் நம்பர எழுதி வாங்கிக்கிட்டேன்.

அடுத்த ரெண்டாவது சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு அவரும் நானும் பஸ் ஏறினோம். ஜன்னல் சீட்டு எனக்குதான்னுட்டாரு.