மலைமடத்தில் அவர்களை நிறுத்தியது ஊர்தான்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அக்கா, அண்ணன்மாரே, வணக்கம்.

‘தே ஸோம் ஏ தே தியூ’. ஸாவியே பொவுவா இயக்கி 2010இல் வந்த பிரெஞ்சுப் படம். அல்ஜீரியாவில், அட்லஸ் மலைப்பக்கம் திபிரின் என்ற சிற்றூரில் ஒரு துறவு மடம். உள்நாட்டுப் போர் நடக்கிறது. அரசாங்கமே கிளம்பிவிடுங்கள் என்று சொல்லியும் அந்தப் பிரெஞ்சுத் துறவிகள் போகவில்லை. 1996 மார்ச்சில் ஏழு பேரைக் கடத்திக்கொண்டு போனார்கள். யாரும் உயிரோடு திரும்பவில்லை. இது நடந்த கதை. அவர்களை அங்கே நிறுத்தியது இறைப்பற்றா, ஊர்ப்பாசமா? ஊர்ப்பாசம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

பெயரிலிருந்தே தொடங்குகிறேன். பிரெஞ்சில் அதற்கு ‘மனிதர்களும் கடவுளரும்’ என்று பொருள். மனிதர்கள்தான் முதலில். ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர்கள் கடவுளை முன்னால் தூக்கிப் போட்டுவிட்டார்கள். எதிரணி ஆங்கிலச் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது!

அக்கா பேசும்போது, ஒரே மடத்தில் நிலைத்திருப்பேன் என்று துறவிகள் கொடுத்த வார்த்தைப்பாட்டைச் சொன்னார். சரி, வார்த்தைப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதானே? பிறகு ஏன் முதல் கூட்டத்தில் கருத்து பிரிந்தது? மடத்துத் தலைவர் கிறிஸ்தியான் ராணுவக் காவல் வேண்டாம் என்று தானாக முடிவெடுத்ததும், “தனியாக முடிவெடுக்கவா உங்களைத் தேர்ந்தெடுத்தோம்?” என்று கேட்டார்களே. போய்விடலாம் என்று வெளிப்படையாகச் சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கு மட்டும் பக்தி குறைவா? ஜெபம்தான் வேண்டுமென்றால், மொராக்கோவின் ஃபெஸ் நகரில் இதே மடத்தின் கிளை இருந்தது. அங்கே போய் அதே பாட்டைப் பாடியிருக்கலாம். கடவுள் ஃபெஸ் நகரிலும்தான் இருக்கிறார். திபிரின் மக்கள் அங்கே இல்லையே!

இப்போது அந்தக் காட்சிக்கு வருகிறேன். ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசும்போது ஒரு துறவி, நாங்கள் கிளையில் உட்கார்ந்த பறவைகள் மாதிரி, எப்போது பறப்போம் என்று தெரியாது என்கிறார். கேட்டுக்கொண்டிருந்த ஊர்ப்பெண் திருத்துகிறாள்: பறவைகள் நாங்கள், நீங்கள்தான் கிளை, நீங்கள் போனால் நாங்கள் எங்கே கால் ஊன்றுவது? நடுவர் அவர்களே, அவள் முஸ்லிம் பெண். அவள் கிறித்தவ மறையுரை செய்யவில்லை, அண்டைவீட்டாரிடம் பேசுகிற மாதிரி பேசினாள். மடத்துக் கூட்டத்தில் முடியாத வழக்கு அவள் வாயில் முடிந்துவிட்டது என்பேன்.

துறவிகளில் ஒருவரான மருத்துவர் லுக் இருக்கிறாரே, மைக்கேல் லோன்ஸ்டேல் நடித்தது, துணை நடிகருக்கான பிரான்சின் சேசர் திரைப்பட விருது வாங்கித் தந்த வேடம். அவரிடம் ஊர்ப்பெண் ஒருத்தி, காதல் என்றால் எப்படி இருக்கும் என்று கேட்கிறாள். அவரும் சொல்கிறார்: எனக்கும் காதல் வந்தது, பல தடவை, அப்புறம் அதைவிடப் பெரிய அன்பு ஒன்று வந்தது. அண்ணன் அந்தப் ‘பெரிய அன்பை’ மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மேடையேறிவிட்டார். அதை யாரிடம் சொன்னார் என்பதை விட்டுவிட்டாரே! பெற்ற அப்பாவிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை ஓர் இளம்பெண் கிழவரிடம் வந்து கேட்கிறாள் என்றால், அந்த உரிமை எத்தனை வருஷத்துப் பழக்கம்?

கிறிஸ்துமஸ் இரவு துப்பாக்கியோடு வந்தவர்கள் மருந்து கேட்கிறார்கள். கிறிஸ்தியான் மறுக்கிறார். அவர் குர்ஆன் வசனம் சொன்னதை எதிரணி கைதட்டி ரசித்தது, நானும் ரசித்தேன். ஆனால் மறுத்ததற்கு அவர் சொன்ன காரணம் என்ன? ஊர்ச்சனத்துக்கே மருந்து போதவில்லை என்பதுதான்.

சாய்கோவ்ஸ்கி இசையோடு ஒயின் குடித்து அழுதுகொண்டே சிரிக்கும் அந்தக் கடைசி விருந்து? அது உங்களுக்கே இருக்கட்டும். அதில் ஊர்க்காரர் யாரும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று, நடுவர் அவர்களே. அந்த ஏழு பேரையும் பிரான்சுக்குக் கொண்டுபோய்ப் புதைக்கவில்லை. திபிரின் மடத்துத் தோட்டத்திலேயே கல்லறைகள் இருக்கின்றன. தீர்ப்பெழுதும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.