டாம்ப், மாய்ஸ்ட், கிளாமி: லேசான ஈரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

(திரையில்: ஒரு துண்டு கேக், அருகில் ஓதம் ஏறிய சுவர்)

வணக்கம். இந்தக் கேக்கிலும் ஈரம் உண்டு, சுவரிலும் ஈரம் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் கேக்கை 'மாய்ஸ்ட்' என்றும் சுவரை 'டாம்ப்' என்றும் சொல்வார்கள். மாற்றிச் சொன்னால் இலக்கணம் பிழைக்காது. கேக் செய்தவர்தான் முகம் வாடுவார். நீர் எவ்வளவு என்பதைவிட, அந்த ஈரம் அங்கே வேண்டியதா வேண்டாததா என்பதைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லைத் தேர்கிறார்கள். செடி வளரத் தேவையான பதத்தில் இருக்கும் தொட்டி மண் 'மாய்ஸ்ட்'. கொடியிலிருந்து எடுத்த பிறகும் கழுத்துப்பட்டியில் ஈரம் காயாத சட்டை 'டாம்ப்'. மேசை துடைக்க நனைத்துப் பிழிந்த துணியையும் 'டாம்ப்' என்றே சொல்வதால், இதை விலக்கில்லாத விதியாகக் கொள்ள வேண்டாம்.

(திரையில்: நிலக்கரிச் சுரங்கம், பாதுகாப்பு விளக்கு)

'டாம்ப்' என்ற சொல்லின் பழைய பொருள் ஈரமே இல்லை. ஆவி, நச்சுக்காற்று என்பதே. நீராவியை இன்றும் 'டாம்ஃப்' என்னும் ஜெர்மன் மொழி இதற்கு உறவு. சுரங்கத்தில் தீப்பற்றி வெடிக்கும் மீத்தேன் வாயுவை ஆங்கிலேயத் தொழிலாளர்கள் 'ஃபயர்டாம்ப்' என்று அழைத்தனர். 1815இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி தம் பாதுகாப்பு விளக்கை உருவாக்கியது அந்த வாயு தீப்பற்றாமல் இருக்கத்தான்.

'ஹ்யூமிட்' காற்றுக்கும் தட்பவெப்பத்துக்கும் உரியது. துணியையோ சுவரையோ அப்படிச் சொல்வதில்லை. அதனோடு வெப்பமும் சேர்ந்து புழுங்கினால் 'மகி'. வெயில் படாத நிலவறையின் குளிர்ந்த, பூஞ்சை வாடை வீசும் ஈரம் 'டேங்க்'. தமிழில் எழுதும்போது தண்ணீர்த் தொட்டி என்று படித்துவிடும் ஆபத்து இதில் உண்டு.

(திரையில்: ஒருவரின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்கும் கை)

தோலுக்கென்றே பெரிதும் வழங்கும் சொல் 'கிளாமி'. குளிர்ச்சி, ஈரம், பிசுபிசுப்பு ஆகிய மூன்றும் இதில் அடக்கம். நேர்காணல் அறைக்கு வெளியே காத்திருப்பவரின் உள்ளங்கை 'கிளாமி'. முதலுதவி நூல்களில், பெரும் குருதியிழப்பால் அதிர்ச்சிநிலைக்குச் செல்பவரின் வெளிறிய தோலுக்கும் இதே சொல்தான் வரும். வெயிலில் ஓடிவிட்டு வந்தவரின் நெற்றியில் இதைவிட அதிக நீர் வழியலாம். ஆயினும் உடல் சூடாக இருப்பதால் அவரை 'ஸ்வெட்டி' என்றே சொல்வார்கள்.