புறங்கையை நக்காத தளபதி

எல்லாப் புகழும் இறைவனுக்கே. இந்த மீலாது விழாவுக்குத் தலைமை தாங்கும் ஜமாஅத் தலைவர் அவர்களே, உடல்நலம் குன்றியிருந்தும் வந்து துஆ ஓதித் தொடங்கிவைத்த மூத்த ஹஸ்ரத் அவர்களே, ஆண்டு தவறாமல் நம் அழைப்பை ஏற்று முன்வரிசையில் அமரும் பங்குத்தந்தை அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, கூலி வாங்காமல் பந்தல் போட்டுக் கொடுத்த சகோதரர்களே, மதரஸா மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் உண்டாகட்டும்.

நபித்தோழர் அபூ உபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி) அவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவருடைய வீரம், பொதுப் பணத்தில் அவர் காட்டிய நேர்மை என்று இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும்.

வீரத்துக்கு உஹது போர் ஒன்றே போதும். கி.பி. 625. நபி (ஸல்) அவர்களின் கன்னத்தில் தலைக்கவசத்தின் இரண்டு வளையங்கள் குத்தி இறங்கிவிட்டன. கையால் இழுத்தால் வலிக்குமே என்று அபூ உபைதா பல்லால் கவ்வி இழுத்தார். முதல் வளையத்தோடு ஒரு முன்பல் போயிற்று. இரண்டாவதோடு இன்னொன்றும் போயிற்று.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு: "தேன் எடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா?" எந்தச் சங்கத்தில் கணக்கு கேட்டாலும் இந்தப் பதில்தான் வருகிறது. சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள், நாமும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிடுகிறோம். அந்தப் பழமொழியோடுதான் இன்றைக்கு என் வழக்கு.

ஹிஜ்ரி 8. முந்நூறு பேர் கொண்ட ஒரு படையைச் செங்கடல் கரைக்கு அனுப்புகிறார்கள் நபி (ஸல்). தலைவர் அபூ உபைதா. வழியில் உணவு தீர்ந்துகொண்டே வருகிறது. அவர் என்ன செய்தார்? "ஒவ்வொருவரும் வைத்திருப்பதை எல்லாம் கொண்டுவாருங்கள்" என்று உத்தரவிட்டார். ஒருவர் மடியிலும் ஒளிவு இல்லை. சேர்த்துப் பார்த்தால் இரண்டு பை பேரீச்சம்பழம். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து கொடுத்தார். பிறகு ஆளுக்கு ஒரே ஒரு பழம். முந்நூறு பேரும் வரிசையில் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பை தலைவர் கையில் இருக்கிறது. இருட்டில் இரண்டு பழம் கூடுதலாக வாயில் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

அந்தப் படையில் போன ஜாபிர் (ரலி) பிற்காலத்தில் இதைச் சொல்லும்போது, "ஒரு பழத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். "குழந்தை சப்புவதைப் போலச் சப்புவோம். மேலே தண்ணீர் குடிப்போம். அன்றைய பொழுது போய்விடும். அந்த ஒன்றும் இல்லாமல் போனபோதுதான் அதன் அருமை தெரிந்தது" என்றார். பழம் தீர்ந்த பின் மரத்து இலைகளைக் கம்பால் அடித்து உதிர்த்து, தண்ணீரில் நனைத்துத் தின்றார்கள். அந்த நிலையில் கடலோரம் போய்ப் பார்த்தால், மணல்மேடு போல ஒன்று ஒதுங்கிக் கிடக்கிறது. கிட்டப் போனால் மாபெரும் மீன்! செத்ததாயிற்றே என்று முதலில் தயங்கினார் அபூ உபைதா. பிறகு, "நாம் இறைத்தூதர் அனுப்பி வந்தவர்கள், வேறு வழியற்ற நிலையில் இருக்கிறோம், உண்ணுங்கள்" என்றார். அதன் கண்குழியில் பதின்மூன்று பேரை உட்கார வைத்தார்களாம். விலா எலும்பை நிமிர்த்தி நட்டு, படையிலேயே உயரமான ஒட்டகத்தை அடியில் நடத்திப் பார்த்தார்களாம், இடிக்காமல் போயிற்றாம்! மதீனா திரும்பியதும் மிச்சம் இருந்த இறைச்சியை நபிக்கும் கொடுத்தார்கள். அவர்களும் உண்டார்கள்.

மீன் கதையை எல்லோரும் சொல்வார்கள். நான் அந்த இரண்டு பையை விட்டு நகரமாட்டேன். கையில் தேன் வழிந்தது, புறங்கையை நக்கவில்லை.

நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவத் தூதுக்குழு நம்பிக்கையான ஒருவரை எங்களோடு அனுப்புங்கள் என்று கேட்டபோது, நபி (ஸல்) எழுப்பி அனுப்பியது இவரைத்தான். இந்தச் சமுதாயத்தின் நம்பிக்கைக்குரியவர் இவர் என்றும் சொன்னார்கள். பங்குத்தந்தை அவர்கள் இதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

பின்னர் கலீஃபா உமர் (ரலி) தளபதி காலித் பின் வலீதுக்குப் பதிலாக இவரைச் சிரியாவின் தலைமைத் தளபதி ஆக்கினார். அதை விரித்துச் சொல்ல இஷா பாங்குக்கு முன் நேரமில்லை. ஆனால் ஹிம்ஸ் நகரத்தில் நடந்ததைச் சொல்லாமல் இறங்கமாட்டேன். யர்மூக் போருக்கு முன், 636இல், ரோமப் படை பெருந்திரளாக வருகிறது. முஸ்லிம் படை ஹிம்ஸை விட்டுப் பின்வாங்க வேண்டிய நிலை. அங்குள்ள கிறிஸ்தவர்களிடமும் யூதர்களிடமும் வாங்கிய வரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்! "உங்களைப் பாதுகாப்போம் என்று வாங்கினோம். இப்போது முடியவில்லை. இந்தாருங்கள் உங்கள் பணம்." பெரும்போர் வாசலில் நிற்கிறது. படைக்கு ஒவ்வொரு காசும் தேவை. அந்த நேரத்தில் திருப்பிக் கொடுத்தார்கள்.

கலீஃபா சிரியா வந்தபோது இவர் வீட்டுக்குப் போனார். ஒரு வாள், ஒரு கேடயம், ஒட்டகச் சேணம். வேறு சாமான் எதுவும் இல்லை. "உலகம் எங்களை எல்லாம் மாற்றிவிட்டது, உம்மைத் தவிர" என்று உமர் அழுதார். 639இல் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது உடனே புறப்பட்டு வருமாறு கலீஃபா கடிதம் எழுதியும், படையை விட்டு வர மறுத்து, அந்த நோயிலேயே இறந்தார். வயது 58.

இப்போது நம் பள்ளிவாசலுக்கு வருகிறேன். தலைவர் அவர்கள் நல்லவர், ஊருக்கே தெரியும். அதனால்தான் அவரிடமே கேட்கிறேன். வக்ஃபு கடைகளின் வாடகை எவ்வளவு, யார் பாக்கி, தோப்புக் குத்தகை எவ்வளவு, பைத்துல்மால் என்னும் பொது நிதியில் எவ்வளவு இருக்கிறது, எந்த வகையில் செலவானது, இவை மாதந்தோறும் எழுதி ஒட்டப்பட வேண்டும். கேட்பவரைக் குழப்பக்காரர் என்று சொல்லும் வழக்கம் ஒழிய வேண்டும். ஜக்காத் கொடுப்பதில் பெண்களும் இருக்கிறார்கள், அவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டாமா? ஒரு நகல் மதரஸா மாடிப்படி அருகிலும் ஒட்டப்பட வேண்டும்.

இதற்கான மனு மேடைக்கு இடப்பக்கம் உள்ள மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது இடத்தைத் தலைவர் அவர்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். மூன்றாவதிலிருந்து நீங்கள் போடலாம். பெண்களுக்கான தாள் மாடியிலேயே இருக்கிறது. தொழுகை முடிந்து ஒரு மணி நேரம் வரை மேசை அங்கேயே இருக்கும்.