ஈக்குச் சீனி, பிள்ளைக்கு அரிசி

நேயர்களுக்கு வணக்கம். கிராமத்து வறுமையைத் தொழில் மூலமாகக் குறைப்பது பற்றிப் பேசும்படி அழைத்திருக்கிறார்கள். தலைப்பு பெரியது. எனக்குப் பழக்கமான இடம் சின்னது. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, களியல் சுற்றுவட்டாரத்தில் பெண்கள் குழுக்களுக்குத் தேனீ வளர்ப்பு சொல்லிக்கொடுத்தே 27 வருஷம் போயிருக்கிறது. அதனால் தேனில் தொடங்குகிறேன். அடுப்படி வேலையாக இருக்கிறவர்கள் காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுத்தால் போதும்.

நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்து ஆட்களுக்கு இது தெரிந்த விஷயம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மார்கழி, தை மாதங்களில் ரப்பர் மரம் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்கும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். அந்தத் தளிரில் மூன்று இலைகளும் காம்போடு சேருகிற இடத்தில் குண்டூசித் தலையளவு ஒரு துளி மினுங்கும். தொட்டு நாக்கில் வைத்தால் தித்திக்கும். ரப்பர் தேன் பூவில் கிடைப்பது இல்லை, இந்தத் தளிர்த் துளியில் கிடைப்பது. புவிசார் குறியீடு வாங்கியிருக்கிற மார்த்தாண்டம் தேன் என்று நீங்கள் கடையில் வாங்குகிறீர்களே, அதில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான்.

மாசி, பங்குனி இரண்டு மாதமும் ஈக்கு ஓய்வே கிடையாது. நமக்கும் கிடையாது. தேனீப் பெட்டியின் மேல் அறையில் இருக்கும் மரச் சட்டங்களை எடுத்து, டிரம்மில் வைத்துச் சுற்றித் தேனை இறக்கிவிட்டு, அடையை உடையாமல் திரும்ப உள்ளே வைப்போம். பழைய காலத்தில் பொந்தில் இருந்து அடையைப் பிய்த்துப் பிழிந்தார்கள். புழுவும் போயிற்று, கூடும் போயிற்று. சட்டம் வைத்த பெட்டி வந்த பிறகுதான் ஒரே கூட்டில் இருந்து திரும்பத் திரும்பத் தேன் எடுக்க முடிந்தது.

இந்தப் பெட்டியை நம் ஊர்க்காரர்கள் கையில் கொண்டு சேர்த்ததில் மார்த்தாண்டத்து ஒய்.எம்.சி.ஏ.வுக்கு முக்கியப் பங்கு உண்டு. 1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் அங்கே கிராமச் சீரமைப்பு மையம் நடத்தினார். அப்போது இது திருவிதாங்கூர். கோழி, தேனீ, கைத்தொழில் என்று வீட்டைச் சுற்றி இருப்பதை வைத்தே வருமானம் பார்க்க அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஆளுக்குத் தன் காலிலேயே நிற்கத் தெரிய வேண்டும், ஆனால் கூடவே விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இதில் இரண்டாவது பாதியை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். இன்று நான் சொல்ல வந்ததே அதுதான்.

சித்திரையோடு தேன் வரத்து நின்றுவிடும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஈ வெளியே போவதே கஷ்டம். ஐப்பசி, கார்த்திகையில் மறுபடியும் மழை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. விவசாயத்துக்கு அது நல்லது, தேனீக்கு அது பஞ்சம். அந்த மாதங்களில் கூட்டைக் காப்பாற்றி வைக்கிறவர்தான் அடுத்த மாசியில் தேன் எடுப்பார். சீனியைத் தண்ணீரில் காய்ச்சி ஆறவைத்து, சிரட்டையில் ஊற்றி, ஈ மூழ்காமல் உட்கார்ந்து குடிக்க இரண்டு ஈர்க்குச்சியும் போட்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வாரம் தவறாமல் செய்ய வேண்டும். பத்துப் பெட்டி இருந்தால் பத்துச் சிரட்டை.

இப்போது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அருமனைக்குப் பக்கத்தில் 15 சென்ட் விளை, அதில் ஓட்டு வீடு, இரண்டு பிள்ளைகள். கணவர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. மழை நாளில் பால்வெட்டு கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். அவளுக்கு ஒரு திட்டத்தில் பத்துப் பெட்டி கடனாகக் கிடைத்தது. பயிற்சி கொடுத்தவள் நான். நல்ல கை அவளுக்கு. பெட்டி மூடியைத் திறந்தால் ஒரு ஈகூடப் பதறாது, அவ்வளவு நிதானம்.

பெட்டி எப்போது வந்தது தெரியுமா? சித்திரை பிறந்த பிறகு. ஏன் என்றால், மார்ச் 31-க்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்று கடன் பத்திரத்தில் மார்ச் கடைசி வாரம் கையெழுத்து வாங்கினார்கள். சாமான் வந்து சேர மூன்று வாரம். தேன் காலம் முடிகிற நேரத்தில் பெட்டி வீட்டு முற்றத்தில் இறங்குகிறது. அடுத்த மாதம் பத்தாம் தேதியில் இருந்து தவணை. மாதாமாதம் ஒரே தொகை. ரப்பர் மரம் வருஷத்தில் இரண்டு மாதம்தான் துளி விடும் என்பது அந்தத் தவணை அட்டைக்குத் தெரியாது.

அவள் என்ன செய்வாள்? அண்டி ஆபீசுக்குப் போனாள். வெளியூர் நேயர்களுக்குச் சொல்கிறேன், அண்டி ஆபீஸ் என்றால் முந்திரிப் பருப்புத் தொழிற்சாலை. கையில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு கொட்டையைத் தல்லி உடைப்பார்கள். அப்படியும் கொட்டை ஓட்டின் பால் பட்டு விரல் நுனி வெந்து கறுத்துவிடும். கிலோக் கணக்கில் கூலி. அந்தக் கூலியில் இருந்து தேன் பெட்டிக்குத் தவணை கட்டினாள். காலையில் போய்ச் சாயங்காலம் வருகிறவளுக்குப் பெட்டியைத் திறந்து பார்க்க நேரம் இல்லை. சீனி வாங்கப் பைசாவும் இல்லை.

ஆவணியில் நான் போனேன். நாலு பெட்டி காலி. தீனி இல்லாத கூட்டை விட்டு ஈ மொத்தமாகக் கிளம்பிப் போய்விடும். காலியான அடையில் மெழுகுப் புழு வலை பின்னியிருந்தது. சீனி வைக்கவில்லையா என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். அவள் சொன்னாள்: "எக்கா, கையில இருக்குற பைசாவுக்கு ஈக்குச் சீனி வாங்கணுமா, பிள்ளைக்கு அரிசி வாங்கணுமா? நீங்களே சொல்லுங்க."

என்னிடம் பதில் இல்லை. தை பிறக்கும்போது அவளிடம் மூன்று பெட்டி இருந்தது. மற்றவற்றில் ஒன்று கோழி அடைக்கும் கூடாகிவிட்டது. அந்த வருஷ முடிவில் நான் ஒரு படிவம் நிரப்பினேன். தொழில் நடக்காததற்குக் காரணம் என்ற கட்டத்தில், எல்லோரும் எழுதுவது போல, பயனாளிக்கு ஆர்வம் இல்லை என்று எழுதினேன். அந்த வரி இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. ஆர்வம் இல்லாதவளா அவள்? ஈயே பதறாத கை அது.

அந்த நாளில் இருந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன், என்னோடு வேலை செய்தவர்களுக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கும். ஏழைக்குத் தொழில் கொடுக்கிறோம் என்றால், அந்தத் தொழிலுக்கு எது வறண்ட மாதம் என்று முதலில் கேளுங்கள். தொழிலின் வறண்ட மாதமும் வீட்டின் வறண்ட மாதமும் பெரும்பாலும் ஒரே மாதமாகத்தான் இருக்கும். மழை பெய்தால் பால்வெட்டும் இல்லை, தேனும் இல்லை. அந்த மாதத்தைத் தாண்டுவதற்குக் கைகொடுக்காமல் பெட்டியை மட்டும் கொடுத்தால், அந்தப் பெட்டி ஒரு கடன் பத்திரம்தான்.

இது என் ஒருத்தியின் எண்ணம் மட்டும் இல்லை. வங்கதேசத்தில் பிராக் என்ற அமைப்பு 2002-ல், பரம ஏழைக் குடும்பங்களுக்கு என்றே ஒரு திட்டம் தொடங்கியது. பசுவோ ஆடோ கோழியோ கொடுப்பார்கள். கூடவே, அது பலன் கொடுக்கிற வரைக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்குச் சிறு தொகை, பயிற்சி, சேமிப்பு, அடிக்கடி வீட்டுக்கே வந்து பார்க்க ஒரு ஆள். இதே முறையை இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், பெரு என்று ஆறு நாடுகளில் சுமார் 10,000 குடும்பங்களை வைத்து ஆராய்ந்து 2015-ல் முடிவு வெளியிட்டார்கள். பின்னால் நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் அந்தக் குழுவில் இருந்தவர்கள். உதவி நின்று ஒரு வருஷம் ஆன பிறகும் அந்தக் குடும்பங்களின் சாப்பாடும் வருமானமும் சேமிப்பும் மேலேயே இருந்தன. அதே 2015-ல், வெறும் சிறுகடன் மட்டும் கொடுத்த இடங்களைப் பற்றிய ஆறு ஆய்வுகளும் வந்தன. அவற்றில் வறுமை பெரிதாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு அந்தச் சிரட்டையும் ஈர்க்குச்சியும்தான் ஞாபகம் வந்தது.

கடனே வேண்டாம் என்று சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். சிறுகடன் கொடுக்கும் கிராமீன் வங்கியைத் தொடங்கிய முகமது யூனுஸ் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1976-ல் வங்கதேசத்து ஜோப்ரா கிராமத்தில் மூங்கில் முக்காலி பின்னும் ஒரு பெண்ணை அவர் பார்த்தார். மூங்கில் வாங்கக் காசு கொடுத்த வியாபாரியே முக்காலியையும் எடுத்துக்கொள்வான், விலையும் அவன் வைத்ததுதான். அந்த ஊரில் 42 பேருக்கு இருந்த கடன் மொத்தமும் 27 டாலர்தான். அந்தத் தொகையைக் கொடுத்ததும் அவர்கள் தங்கள் பொருளைத் தாங்கள் நினைத்த இடத்தில் விற்க முடிந்தது. அங்கே பைசா வாங்கிக்கொடுத்தது அந்த விடுதலையை. நம் ஊரிலும் பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் முன்பணம் வாங்கிவிட்டு, மாசியில் தேனை அதே ஆளுக்கு அவர் சொல்கிற விலைக்கு அளந்து ஊற்றுகிறவர்களை எனக்குத் தெரியும்.

நாங்கள் பிறகு என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். களியல் பக்கத்தில் ஒரு குழு. வங்கிக்குப் போகவில்லை, சொந்தச் சேமிப்பில் இருந்தே கடன். பெட்டியைக் கார்த்திகையில் வாங்கினோம், தளிர் விடுவதற்குள் கூடு பலப்பட நேரம் கிடைக்கட்டும் என்று. தவணை பங்குனியில் பாதி, சித்திரையில் பாதி. மற்ற மாதங்களில் ஒன்றும் கட்ட வேண்டாம். ஆடியில் குழுவே ஒரு மூட்டைச் சீனி வாங்கிப் படிக்கணக்கில் பிரித்துக் கொடுத்தது, அதையும் தேன் வந்த பிறகுதான் திரும்ப வாங்கினோம். அந்த மூட்டையைக் குழுத் தலைவி தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். பிள்ளைகள் எடுத்துவிடாமல் இருக்கத்தான்! அந்த வருஷம் 12 பேரில் 11 பேர் கூடு அழியாமல் மாசியை எட்டினார்கள். தொழிலைக் கற்றுக்கொடுத்ததில் நாங்கள் எதையும் மாற்றவில்லை. நாள்காட்டியை மட்டும் மாற்றினோம்.

நோய் என்று ஒன்றும் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற தேனீ வைரஸ் வந்தது. புழு தலையை நிமிர்த்தியபடி தண்ணீர்ப் பை போல வீங்கிச் செத்துக் கிடக்கும். தென்னிந்தியா முழுக்க, பெட்டியில் வளர்க்கிற அடுக்குத் தேனீக் கூடுகளில் பெரும்பாலானவை அப்போது போய்விட்டன. ஒரே தொழிலை நம்பினால் இப்படியும் நடக்கும். அதனால்தான் தேனோடு இரண்டு கோழியும் நாலு மூடு மரச்சீனியும், அதாவது மரவள்ளியும், கட்டாயம் வைக்கச் சொல்வேன். விரிவாகப் பேச வேண்டிய விஷயம். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து நேரம் குறைவு என்று கை காட்டுகிறார்கள்.

கடைசியாகக் கடற்கரையைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் மீனவர் சங்கங்கள் பல வருஷமாக நடத்துகிற முறை ஒன்று உண்டு. மீனைக் கரையில் சங்கமே ஏலம் விடும். படகுக்கும் வலைக்கும் கொடுத்த கடனுக்காக, அன்றைக்கு விற்ற தொகையில் ஒரு பங்கைப் பிடிக்கும். நிறைய மீன் பட்டால் நிறையப் பிடித்தம், குறையப் பட்டால் குறைவு. கடல் பொங்கிப் படகு இறங்காத நாளில் பிடித்தம் கிடையாது. இந்தச் சங்கங்களின் கூட்டமைப்பு 1980-ல் உருவானது. மலையடிவாரத்தில் நாங்கள் பாடுபட்டுக் கண்டுபிடித்ததாக நினைத்தது, 40 கிலோமீட்டருக்குள் கடற்கரையில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. மேட்டுக்காரர்களும் கடற்கரைக்காரர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பேச ஒரு வாய்ப்பு வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. மாவட்டத்தில் குழுக்களுக்குக் கடன் கொடுக்கிற பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், வருகிற ஆடிக்குள் அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். தேன் பெட்டியோடு நான் வருகிறேன்.

பனைத்தொழிலைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.