‘ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கிராபிக்ஸ்’: இந்த விளம்பரம் எதை மறைக்கிறது?

(திரையில் ஒரு விளம்பரப் படம்.)

வணக்கம். “ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, வண்ண விளக்கு எரியும் கேபினெட், விலை இருபதாயிரத்துக்கும் கீழே” என்று ஒரு விளம்பரம் உங்கள் கைப்பேசியிலும் வந்திருக்கும். அதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய், 2015இல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5 அளவிலான பழைய விளையாட்டுகளைத் தாண்டி எதைத் திறந்தாலும், கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவதுபோல ஒவ்வொரு படமாகத்தான் நகரும். பொய்யே சொல்லாமல் இது எப்படி முடிகிறது என்பதைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உதிரிபாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டத் தெரியாதவர்களும் அதற்கு நேரமில்லாதவர்களும் கடையில் பூட்டி வைத்த ப்ரீபில்ட் கம்ப்யூட்டரை வாங்குகிறார்கள், அதில் தவறு எதுவும் இல்லை. 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறிய வேகத்தில், முன்பே சரக்கு எடுத்து வைத்த கடைக்காரரின் பெட்டி, தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாக அமைவதும் உண்டு.

முதலில் அந்த ‘ஐ7’. இது இன்டெல் நிறுவனம் தன் ப்ராசஸர்களுக்கு வைக்கும் ஒரு பட்டம் மட்டுமே; எந்த வருடத்துப் பட்டம் என்பது அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது, விளம்பரத்தில் வசதியாக விடுபடுவதும் அந்த எண்தான். ஐ7-2600 வெளிவந்தது 2011 ஜனவரியில். ஐ3-12100 வெளிவந்தது 2022 ஜனவரியில். இரண்டிலும் நான்கு கோர்கள் (கணக்கிடும் மையங்கள்), எட்டுத் த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்)தான் என்றாலும், பதினொரு வருட இடைவெளியின் காரணமாக அந்த ‘சின்ன’ ஐ3, ‘பெரிய’ ஐ7ஐ எளிதாகப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. வேகம் குறைந்தால் பொறுத்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களை முறைப்படி ஏற்பதில்லை. குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றித் தந்துவிடுவார்கள்தான். ஆனால் விண்டோஸ் 11இல் வாலரண்ட் விளையாட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய பாதுகாப்பு வசதிகள் இரண்டும் தேவை, அவ்வளவு பழைய பெட்டியில் இரண்டும் சேர்ந்து இருக்காது என்பதால், ஊரெல்லாம் விளையாடும் அந்த விளையாட்டு உங்கள் ஐ7இல் மட்டும் பிழைச் செய்தியோடு நின்றுவிடும்.

(திரையில் இரண்டு பெட்டிகள் அருகருகே, இரண்டிலும் ‘ஜிடி 1030’.)

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஆகவே கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ என்பது அண்டாவின் அளவைச் சொல்கிறது. பந்தியில் பரிமாற எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. சாம்பார் அண்டா எவ்வளவு பெரிதாக இருந்தாலும், முந்நூறு இலைக்கு ஒருவர் மட்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் கடைசி வரிசைக்காரர் வெறும் சோற்றைத்தான் பிசைய வேண்டும். கிராபிக்ஸ் கார்டில் அந்த வாளிக்காரர்களின் வேகத்துக்கு மெமரி பேண்ட்வித் என்று பெயர். ஒரு விநாடிக்கு எத்தனை ஜிபி தரவு கடந்துபோகிறது என்ற கணக்கு அது.

மலிவு விளம்பரங்களில் அடிக்கடி ஒளிந்திருக்கும் ஜிடி 730 என்ற கார்டு 2014இல் வந்தது. ஒரே பெயரில் ஃபெர்மி, கெப்ளர் என்று இரண்டு தலைமுறைச் சில்லுகளை அந்தக் கார்டில் போட்டு விற்றார்கள். ஒன்றில் 96 கோர்கள், மற்றதில் 384. இதில் 384 கோர்களும் டிடிஆர்3 என்ற பழைய மெமரியும் உள்ள வகையின் பேண்ட்வித் விநாடிக்கு 14.4 ஜிபி மட்டுமே. அதில் 4 ஜிபி மெமரியை வைப்பது, குடிசைக்குத் தேக்குக் கதவு மாட்டுவதைப் போன்றது. போதாக்குறைக்கு, கெப்ளர் தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதை, இந்தச் சில்லுகளின் நிறுவனமான என்விடியா 2021இலேயே நிறுத்திவிட்டது.

அடுத்தது இன்னும் வேடிக்கையானது. 2017இல் ஜிடி 1030 என்ற கார்டு ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது, பேண்ட்வித் 48 ஜிபி. மறு வருடமே அதே பெயரில், அதே 384 கோர்களோடு, டிடிஆர்4 மெமரி வைத்த இன்னொரு கார்டு வந்தது. அதன் பேண்ட்வித் 16.8 ஜிபி. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்! பல விளையாட்டுகளில் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. மூட்டையில் பொன்னி என்று அச்சிட்டிருந்தாலும் ஒரு பிடி அள்ளிப் பார்த்துத்தானே அரிசி வாங்குகிறோம்? கார்டு விஷயத்தில் மட்டும் ஏன் மூட்டையின் பெயரை நம்புகிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது ஒரு ஒப்பீடு, இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது நானே சிரித்துவிட்டேன். சாதாரண டிடிஆர்4-3200 ரேம் குச்சிகள் இரண்டை மதர்போர்டில் சரியான ஸ்லாட்டுகளில் போட்டால் கிடைக்கும் பேண்ட்வித் 51.2 ஜிபி. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி போன்ற ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் இந்த ரேமைத்தான் பயன்படுத்துகிறது. அது டிடிஆர்4 வகை ஜிடி 1030ஐ முந்திவிடும். அதாவது, கார்டே இல்லாத கம்ப்யூட்டர், கார்டு உள்ள கம்ப்யூட்டரைத் தோற்கடிக்கிறது. ஆனால் இங்கேயும் ஒரு கண்ணி உண்டு: கடைக்காரர் 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போட்டிருந்தால் அந்த 51.2 அப்படியே 25.6 ஆகிவிடும். ஆகையால் எத்தனை ஜிபி ரேம் என்று கேட்ட வாயோடு எத்தனை குச்சி என்றும் கேளுங்கள்.

பெரிய கார்டுகளிலும் இந்தப் பழக்கம் தொடர்கிறது. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் 12 ஜிபி வகைக்குப் பேண்ட்வித் 360 ஜிபி, 8 ஜிபி வகைக்கு 240 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 3050இல் 8 ஜிபி வகைக்கு 2560 கோர்களும் 224 ஜிபி பேண்ட்வித்தும் உண்டு. 2024இல் வந்த 6 ஜிபி வகைக்கு 2304 கோர்கள், 168 ஜிபி. இருந்தாலும் இந்த 6 ஜிபி வகையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை: அது அந்த டிடிஆர்4 ஜிடி 1030ஐப் போலச் சரியாகப் பத்து மடங்கு பேண்ட்வித் கொண்டது, 70 வாட் மின்சாரத்தில் ஓடுகிறது, தனி மின் கேபிள்கூடத் தேவையில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருவோம்.

(திரையில் எஸ்எம்பிஎஸ் மீது ஒட்டிய அட்டவணை.)

விளம்பரத்தில் பெயரே வராத உறுப்பினர் எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லா பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அதன் மேல் பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருப்பதைப் பார்க்காதீர்கள். அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால், 12ஐ 16ஆல் பெருக்கினால் வருவது 192 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றே 170 வாட் கேட்கும். ப்ராசஸருக்கு மீதி 22 வாட்டைக் கொடுத்துவிட்டு விளையாட்டைத் தொடங்கினால், முக்கியமான சண்டைக் கட்டத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழும். என் சித்தப்பா மகன் ஒரு மாதம் முழுவதும் வீட்டு மின் இணைப்பைத் திட்டிக்கொண்டிருந்தான், கேபினெட்டைத் திறந்த பிறகுதான் குற்றவாளி பிடிபட்டார். விளக்கு எரியும் நான்கு விசிறிகளின் காசை இங்கே செலவழித்திருக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

பில் கேளுங்கள், ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்கினால், உதிரிபாகத் தயாரிப்பாளரின் வாரண்டியைக் கோர உங்கள் கையில் எதுவும் இருக்காது.

சரி, குறைந்த பணத்தில் எதைத்தான் வாங்குவது? சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனாலும், உங்கள் ஊர்க் கடைக்குப் போனாலும், நான் முதலில் தேடுவது கம்பெனிகள் கழித்துவிட்ட ஆபீஸ் கம்ப்யூட்டரைத்தான். டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி ப்ரோடெஸ்க், லெனோவா திங்க்சென்டர் வரிசைகளில், ஐ5-8500 போன்ற எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்கும் டவர் வடிவப் பெட்டியாகப் பார்த்து எடுத்து, நான் நினைவில் வைக்கச் சொன்ன அந்த 6 ஜிபி 3050ஐப் பொருத்தினால் வேலை முடிந்தது. மின் கேபிள் வேண்டாத கார்டு என்பதால்தான் இந்த ஜோடி ஒத்துப்போகிறது; இந்தப் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ் பல மாடல்களில் பொதுவான அளவில் இருக்காது, மாற்றுவது தலைவலி. ஒல்லியான பெட்டியாக இருந்தால் அரை உயரக் கார்டு என்று கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் மூடி மூடாது.

கார்டுக்கும் பணம் போதவில்லையா? இரண்டு ரேம் குச்சிகளோடு 5600ஜியை வாங்கி, கார்டை அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போடுங்கள். அதற்குள் கடைக்காரர் உங்களிடம் ‘4 ஜிபி கார்டு’ என்று ஒன்றை நீட்டினால், கார்டின் முழு மாடல் எண்ணையும் மெமரி வகையையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் அந்த மாடல் எண்ணைக் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள், அதன் பேண்ட்வித் எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிறேன்.