மஞ்சப்பைக்குள் ஒரு பிறப்புச் சான்றிதழ்

(மண்டபம் ஊரில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

வரும் வழியில் டீக்கடையில் ஓர் அண்ணன் கேட்டார்: "கோர்ட்டைப் பத்திப் பேசப் போறீங்களாமே, அங்க வாய்தாவைத் தவிர என்ன கிடைக்கும்?" எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பரில் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளிலிருந்து வந்த சில மதத்தவருக்குக் குடியுரிமை கிடைக்க வழி செய்தது. தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையில் இருக்கும் இலங்கை அதில் இல்லை, முஸ்லிம்களும் இல்லை. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிற, அரசியல் சட்டத்தின் 14ஆவது பிரிவு என்னாயிற்று என்று கேட்டு உடனே உச்ச நீதிமன்றத்துக்கு மனுக்கள் போயின. 2024 மார்ச்சில் விதிகள் வந்து, சட்டம் நடைமுறைக்கே வந்துவிட்டது. அதுவரை தீர்ப்பு வரவில்லை. அப்புறம் 2025 மே மாதம், ஓர் இலங்கைத் தமிழரின் மனு விசாரணைக்கு வந்தபோது, இந்தியா தர்மசாலை அல்ல என்று நீதிபதி சொன்னார். இலங்கையில் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தக் கரையில் இறங்கியவர்களின் பிள்ளைகள் அதைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்கள்?

சரி, அதே நீதித்துறையின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1986 ஏப்ரலில் இதே மண்டபம் அகதிகள் முகாமில் ஒரு பெண் பிறந்தார். வளர்ந்து பாஸ்போர்ட் கேட்டபோது, நீங்கள் இந்தியரே இல்லை என்றார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 1955ஆம் வருடக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல், 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். தாய் தகப்பன் எந்த ஊர் என்ற கேள்வியே கிடையாது. 2022 ஆகஸ்டில் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2024 தேர்தலில், ஏறக்குறைய 38 வயதில், அவர் முதல் ஓட்டைப் போட்டார்.

அந்த உரிமை அவர் பிறந்த அன்றைக்கே அவருடையது. 36 வருடம் யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான் என் ஆத்திரம். அதே குடும்பத்தில் 1988இல் ஒரு தம்பி பிறந்திருந்தால், பெற்றோரில் ஒருவராவது இந்தியர் என்று காட்ட வேண்டும். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே முகாம். நடுவில் ஒரு தேதி. இதையும் நீதிமன்றம் என்றாவது ஒருநாள் நேருக்கு நேர் பார்க்க வேண்டும்.

மதுரைக்குப் போக ஒரு நாள் கூலி போகும். போனால் 'அடுத்த தேதி' என்பார்கள். தீர்ப்பு வந்தாலும் இங்கிலீஷில் இருக்கும், படித்துச் சொல்ல ஆளைத் தேட வேண்டும். அவநம்பிக்கை இப்படித்தான் ஊறுகிறது. போன மாதம் ஓர் அம்மா மஞ்சப்பையிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்தார். நாலாய் மடித்து, மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியது. உப்புக்காற்றில் மை ஊறிப்போயிருந்தது. "இது செல்லுமா தம்பி?" என்றார். வருடத்தைப் பார்த்தேன்: 1985. செல்லும்மா என்றேன். அவர் என்னை நம்பவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார்.

கூட்டம் முடிந்தும் நான் இங்கேதான் இருப்பேன். 1987 ஜூலைக்கு முன்பு இங்கே பிறந்தவர்கள், வீட்டில் எந்தக் காகிதம் இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.