அடைத்த ஜன்னல்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்துக் கிராமங்களில் பழைய வீடுகளை வேடிக்கை பார்த்துத் திரிவது எனக்கு முப்பது வருடப் பழக்கம். என் மனைவி இதை வியாதி என்பார்.

1714 முதல் 1830 வரை அங்கே வரிசையாக நான்கு ஜார்ஜ் மன்னர்கள் ஆண்டார்கள். அந்தக் காலத்தின் நடுப்பகுதியில் எழுந்த ஒரு வசதியான கிராமத்து வீட்டை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். நடுவில் கதவு. அதற்கு இருபுறமும் இரண்டிரண்டு ஜன்னல்கள். மாடியில் ஐந்து. விரல் விட்டு எண்ணினால் முகப்பில் மட்டும் ஒன்பது. இந்த ஒன்பதை மறந்துவிடாதீர்கள்.

அந்த ஜன்னல்கள் மேலும் கீழுமாக நகர்பவை. சட்டத்துக்குள் கயிறும் உருளையும் மறைந்திருக்கின்றன. கயிற்றின் முனையில் இரும்பு எடை. நம் கிணற்று ராட்டினம்தான். ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். கண்ணாடியை ஊதிச் சுழற்றித் தட்டாக்கி, அதிலிருந்து சிறு சிறு சதுரங்களாக வெட்டினார்கள். உள்ளே நின்று தலையைச் சற்று அசைத்தால் வெளியே இருக்கும் மரம் நெளியும். அப்படி நெளிந்தால் அது பழைய கண்ணாடி.

இப்போது என் வியாதிக்கு வருகிறேன். இவற்றில் ஒரு ஜன்னல் செங்கல்லால் அடைபட்டிருக்கும். யாரைக் கேட்டாலும் “ஜன்னல் வரி” என்பார்கள். வரி இருந்தது உண்மை. 1696-ல் வந்து 1851 வரை நீடித்தது. 1747-ல் வகுத்த கணக்குப்படி, முகப்பு மட்டுமல்ல, வீடு முழுக்க எண்ணிப் பத்தாவது ஜன்னல் வந்துவிட்டால் பத்துக்கும் தலா ஆறு பென்னி. ஒன்பதோடு நிறுத்தினால் அந்தத் தொல்லை இல்லை. அடைக்க மாட்டார்களா என்ன?

ஆனால் அடைத்த ஜன்னல் எல்லாம் வரிக்காக அடைத்ததல்ல. ஒருமுறை ஒரு வீட்டுக்காரர் தம் அடைத்த ஜன்னலைப் பெருமையாகக் காட்டினார். முன்னோர் ஒருவர் வரிக்காரனை ஏமாற்றிய கதையையும் சொன்னார். உள்ளே போய்ப் பார்த்தேன். அதற்கு நேர் பின்னால் கணப்பு அடுப்பு! புகைபோக்கி ஏறும் இடத்தில் யார் ஜன்னல் வைப்பார்கள்? முகப்பு கோணலாகிவிடக் கூடாதே என்று கட்டும்போதே கண்ணில்லாமல் கட்டியது அது. அடைப்புச் செங்கல் சுவரோடு கோத்துக்கொண்டு ஓடியதைத் தொட்டே காட்டினேன். மனிதர் முகம் சுருங்கிப் போனது. ஆனாலும் தேநீர் கொடுத்தார். அந்தத் தேநீரிலும் ஜன்னல் உண்டு. 1784-ல் பிரதமர் பிட், கள்ளக்கடத்தலை ஒழிக்கத் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து பன்னிரண்டரைக்கு இறக்கினார். விழுந்த துண்டை ஜன்னல்கள் மேல் ஏற்றினார். இதையும் அவரிடம் சொன்னேன். இரண்டாவது கோப்பை வரவில்லை.

மூன்றாவது காரணத்தை ஹாம்ப்ஷயரில் உள்ள சாட்டன் கிராமத்தில் பார்க்கலாம். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1809 முதல் 1817 வரை வாழ்ந்த வீடு. ஜார்ஜ் காலத்துக்கும் முந்திய கட்டடம். 1787 வரை சத்திரமாக இருந்தது. தெருவை ஒட்டியே வாசல். கோச்சு வண்டியில் போகிறவர்கள் கூடத்துக்குள் எட்டிப் பார்க்கலாம். தாயும் பெண்களும் குடிவந்தபோது அண்ணன் எட்வர்ட் தெருப்பக்கத்துப் பெரிய ஜன்னலை அடைத்துவிட்டு, தோட்டத்தைப் பார்த்து வேறொன்று திறந்தார். வரியும் இல்லை, ஒழுங்கும் இல்லை, வழிப்போக்கர் கண்ணுக்காக. அடைத்த இடம் உள்ளே புத்தக அலமாரி ஆனது. மறுபடியும் சொல்கிறேன், அடைத்த ஜன்னலைக் கண்டால் உடனே வரி என்று சொல்லிவிடாதீர்கள். உள்ளே போய்ப் பாருங்கள்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அப்பால் நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். செங்கல்லைப் பற்றிப் பாதி நேரம் பேசுவதாக இருந்தேன். சுருக்கமாக: அதே 1784-ல் செங்கல்லுக்கும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வரி வந்தது. எண்ணிக்கைக்குத்தானே வரி என்று சூளைக்காரர்கள் செங்கல்லைப் பெரிதாக்கினார்கள். அரசு பெரிய கல்லுக்கு இரட்டை வரி போட்டது. கதவுக்கு மேலே விசிறி போல விரியும் கண்ணாடியை நான் தொடவே இல்லை. வணக்கம்.